உரக்கச் சொன்ன வோட்டு

செவ்வாய்க்கிழமை காலையில் கிணற்றடியில் நின்றிருந்தேன். ஆவுடையக்காவின் மருமகள் பார்வதி வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் காபித் தம்ளர் இருந்தது.

"சித்தி, அத்தை காபி கேட்டாக. கொண்டு போனேன். வாங்கல்ல" என்றாள்.

தம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சூடு போதாது என்று அக்கா கோபித்துக்கொண்டாளாக்கும் என்று நினைத்தேன். அப்படிக் கோபிக்கிறவள்தான். "ஆத்தாம குடுட்டி, வாங்குவா" என்று சொல்லிவிட்டு இன்னொரு வாளி இறைத்தேன். பார்வதி போகவில்லை. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

நான் போனபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கத்துத் தலைமுடியைச் சீவி முடித்திருந்தாள். மறுபக்கத்தில் சீப்பு அப்படியே நின்றது. கை மட்டும் மடியில் விழுந்துகிடந்தது. கூப்பிட்டேன். தோளைப் பிடித்து அசைத்தேன். உடம்பு சூடாகவே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, வோட்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் மடக்கிக் கணக்குக் கேட்டுவிட்டுப் போனவள். அதற்குள் என்ன ஆயிற்று என்று எனக்கு இந்த நிமிஷம் வரை புரியவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. வேலிப்படல் சத்தம் கேட்டால் இன்னும் அவள்தான் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

கரமனையில் எங்கள் தெருவில் ஆவுடையம்மாளைத் தெரியாதவர்கள் இல்லை. புருஷனுக்கு அண்ணனான மூத்தாரைத் தேர்தலில் தோற்கடித்தவள் என்று ஊரில் அவளுக்குப் பெயர். அந்தக் கதையை அவரவர் கேட்டபடி சொல்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் கூட வாசலில் நின்று அதைத்தான் மெதுவாகப் பேசினார்கள். முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் எழுதுகிறேன். காலேஜில் படிக்கிற என் பேத்தி பிழை திருத்தித் தருகிறாள். விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவர் ஆறுமுகம் பிள்ளை. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தார். நாங்கள் பெரியத்தான் என்போம். நடுவில் உள்ளவருக்கு வாழ்க்கைப்பட்டவள் ஆவுடையக்கா. கடைசித் தம்பிக்கு நான். கல்யாணமாகி நான் வந்த நாளில், வாசல்படியில் மருமகள்கள் எப்படி நிற்க வேண்டும், எதற்குச் சிரிக்கக் கூடாது என்றெல்லாம் மாமியார் சொல்லிக்கொடுத்தாள். அவள் உள்ளே போனதும் அக்கா என் காதில், "எல்லாம் கேட்டுக்க. பாதி மறந்தாப் போரும்" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

எங்கள் தொகுதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரமனை ஆற்றுக்கு இக்கரையில் எங்கள் தெருக்கள். அக்கரையில் வயலும் தென்னந்தோப்பும். இரண்டையும் சேர்த்து ஒரு தொகுதியாக்கியிருந்தார்கள். பட்டணத்துக்காரர்கள் எங்களை நாட்டுப்புறம் என்பார்கள், நாட்டுப்புறத்துக்காரர்கள் பட்டணம் என்பார்கள். அந்தக் காலத்தில் கரம் தீர்க்கிறவர்களுக்குத்தான் வோட்டு. நிலவரியைத்தான் இங்கே கரம் என்போம். யார் பேரில் இன்ன அளவுக்குக் கரம் கட்டப்படுகிறதோ அவர் பேர் வோட்டர் பட்டியலில் வரும். அதில் ஆண் பெண் வித்தியாசம் பார்க்கவில்லை. அக்கரையில் நாயர் வீடுகளில் பெண்கள் பேரிலும் நிலம் உண்டு. அதனால் அவர்களுக்கு வோட்டும் உண்டு. எங்கள் தெருவில் நிலமெல்லாம் ஆம்பிளைகள் பேரில். பட்டியலில் ஒரு பெண் பேர் கிடையாது.

ஒரு தேர்தல் நாளில் நாங்கள் இரண்டு பேரும் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். பாலத்தின் மேல் வெள்ளை முண்டு உடுத்த ஒரு வயசான அம்மா, ஓலைக்குடை பிடித்துக்கொண்டு தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். அக்கா துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அந்த அம்மச்சியப் பாத்தியா? குடையும் பிடிச்சிட்டு வோட்டுப் போடப் போறா. நமக்கு நிலமும் இல்ல, குடையும் இல்ல."

"உனக்கு வோட்டு கெடச்சா யாருக்குப் போடுவ?" என்று சும்மா கேட்டேன்.

"முதல்ல குடை வாங்குவேன்" என்றாள்.

அடுத்த தேர்தலுக்குப் பெரியத்தானே நின்றார். எதிரே நின்றவர் வஞ்சியூரில் இருந்த ஒரு மலையாளத்து வக்கீல், மாதவன் பிள்ளை. அக்கரைப் பெண்கள் வோட்டெல்லாம் வக்கீலுக்கு என்று பேச்சு அடிபட்டது. பெரியத்தான் ஒரு காரியம் செய்தார். அக்கரையில் தனக்கு இருந்த தோப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் வீட்டுப் பெண் ஒருத்தி பேரில் பதிவு செய்தார். அவர் மனைவி பேரில் ஒன்று, அவருடைய இரண்டு அத்தைமார் பேரில் ஒவ்வொன்று, அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கரம் எங்கள் பேரில் வந்தது. பட்டியலில் ஐந்து பெண்கள் முளைத்தோம். பத்திரம் பதிகிற ரிஜிஸ்தர் கச்சேரியில் நான் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. அக்கா விரல் வைத்தாள்.

"வோட்டு முடிஞ்ச பெறவும் அது உங்களுக்கே இருக்கட்டு. எம்பேருல இருந்தா என்ன, உங்க பேருல இருந்தா என்ன" என்று பெரியத்தான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். யாருக்கு வோட்டுப் போட வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

ஒரு மத்தியானம் ஆம்பிளைகள் எல்லோரும் மண்டியில் இருந்த நேரம் பார்த்து அந்த வக்கீல் எங்கள் வாசலுக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்றோம். செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பாதித் தமிழில் பேசினார்.

"அம்மா, நிங்களுக்கு ஆளுக்கு ஒரு வோட்டு உண்டு. ஆறுமுகம் பிள்ளை இந்த வீட்டாளு, அது எனக்கு அறியாம். எங்கிலும் கேட்காமல் போகான் பாடில்லல்லோ. அதுகொண்டு வந்ததாக்கும்."

அவர் எங்கள் வீட்டு ஆள் என்று தெரிந்தும், கேட்காமல் போவது முறையில்லை என்று வந்தாராம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு மேல் கிளாஸ் கிடையாது, அதற்காகச் சட்டசபையில் பேசுவேன் என்றும் சொன்னார். அஞ்சாம் கிளாஸுக்கு மேல் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை என்றுதான் என் அப்பா என்னை நிறுத்தினார். அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று நான் என்ன நினைத்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அக்கா மட்டும் அவர் போனதும் திகைத்துப்போய் உட்கார்ந்தாள்.

"எட்டி கோமதி, ஒரு அசல் வீட்டு ஆம்பிள என்னப் பாத்துக் கும்பிட்டு எங்கிட்ட உள்ளது ஒண்ணக் கேக்கது இதாக்கும் முதல் தடவ" என்றாள்.

வோட்டு நாளில் எங்களை இரண்டு வில்வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில்தான் வோட்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் காகிதத்தை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போய்க் குறியிட வேண்டும். தெரியாதவர்கள் மேஜைக்கு முன்னால் நின்று ஆபீசரிடம் பேரைச் சொல்ல வேண்டும். அவர் குறித்துப் போடுவார். பக்கத்தில் பெஞ்சில் இரண்டு கட்சி ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். காதில் விழாமல் இருக்காது.

ஐந்து பேரில் எனக்கு மட்டும்தான் எழுத்துத் தெரியும். பெரியத்தானின் மனைவி முதலில் போனாள். அவருடைய பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்று, "எங்க வீட்டுல உள்ளவுக" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். ஆபீசர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். பிறகு நான் போனேன். தட்டிக்குப் பின்னால் இரண்டு பேரையும் படித்தேன். குறியிட்டேன். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற பெரியத்தான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அடுத்தது அக்கா.

"ஆருக்காணு வோட்டு?" என்று ஆபீசர் கேட்டார்.

"வஞ்சியூர் வக்கீலுக்கு" என்றாள் அக்கா. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரர் வரைக்கும் கேட்டது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

ஆபீசர் தயங்கினார். "பேரு பறயணம்."

"மாதவன் பிள்ளை. என்னத்துக்கு முழிக்கேரு? எழுதும்."

பெஞ்சில் இருந்த எங்கள் ஆள் எழுந்து நின்றுவிட்டார். வரிசையில் அக்காவுக்குப் பின்னால் அத்தைமார் இரண்டு பேரும், அடுத்த தெருவிலிருந்து அதே மாதிரி நிலம் எழுதி வாங்கி வந்த பெண்கள் சிலரும் நின்றார்கள். இப்படியும் சொல்லலாம் என்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியாகப் போய் வக்கீல் பேரைச் சொன்னார்கள். அத்தைமாரில் மூத்தவள், "அந்தப் பிள்ள சொன்ன ஆளுக்கே எனக்கும்" என்றாளாம்.

பெரியத்தான் சொற்ப வோட்டில் தோற்றார். அது தெரிந்த அன்று சாயங்காலம் எல்லோரையும் பட்டாசாலைக் கூடத்தில் நிறுத்தினார். அத்தைமாரிடம் கேட்க அவரால் முடியாது. அக்காவிடம்தான் கேட்டார்.

"எதுக்கு அப்படிச் செய்த?"

"அவரு வந்து கேட்டாரு. நீங்க கேக்கல்ல. கேட்டவருக்குத்தானே குடுக்க முடியும்?"

"சொந்த வீட்டுல நான் உன்கிட்ட வந்து வோட்டுக் கேக்கணுமா?"

"எம்பேருல எழுதினது நீங்கல்லா?"

அக்காவின் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியத்தான் என் பக்கம் கையை நீட்டினார்.

"கோமதியப் பாரு. நாலு எழுத்துப் படிச்சவ. குடும்பத்துக்கு எதிரா ஒரு விரல் அசைச்சாளா?"

அக்காவும் என்னைப் பார்த்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

தட்டிக்குப் பின்னால் நான் குறியிட்டதும் வக்கீலுக்குத்தான்.

அடுத்த வாரமே அக்காவை ரிஜிஸ்தர் கச்சேரிக்குக் கூட்டிப்போய் அந்தத் துண்டை எழுதி வாங்கினார்கள். அத்தைமாரிடமும் வாங்கினார்கள். என் துண்டு எனக்கே நின்றது. அக்கா திரும்பி வந்து, முற்றத்தில் உட்கார்ந்து பெருவிரலை மண்ணில் தேய்த்து மையைக் கழுவினாள். "தரும்போதும் இந்த விரலத்தான் கேட்டாக, வாங்கும்போதும் இதத்தான் கேட்டாக. நாக்க ஒருத்தரும் எழுதி வாங்கல்ல, அது போரும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கழுவத் தண்ணீர் ஊற்றியது நான்.

நிலம் போனதும் கரம் போயிற்று. கரம் போனதும் பட்டியலில் பேர் போயிற்று. அதன்பிறகு எங்கள் தொகுதியில் எத்தனையோ தேர்தல் வந்தது. வக்கீல் ஜெயித்தபிறகு எங்கள் தெருப்பக்கம் ஒருதடவை கூட வரவில்லை. அடுத்த தரம் அவர் நிற்கவும் இல்லை. ஒரு தேர்தலில் எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் வோட்டே நடக்கவில்லை. இன்னொரு தேர்தலில் மழை பெய்து ஆறு பெருகி அக்கரைக்காரர்கள் வர முடியாமல் போயிற்று. பெண்பிள்ளைகளுக்கு மேல் கிளாஸ் வந்தபோது என் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் மகள்தான் அதில் படித்தாள். வோட்டு நடந்த ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் வண்டியில் ஏறிப் போனேன். அக்கா வாசலில் நின்று வழியனுப்புவாள். திரும்பி வந்ததும் கேட்பாள்: கூட்டம் உண்டா, வெயில் தெரிந்ததா, யாரெல்லாம் வந்திருந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான்.

இந்தத் தடவை தலைக்கு ஒரு வோட்டு என்று அறிவித்தார்கள். நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம். பேர் எழுத, பையன் போல இருந்த ஒரு மலையாளத்துக் குமாஸ்தா வந்தார். பெண்களிடம் புருஷன் பேரைக் கேட்டார். எங்கள் தெருவில் எவள் சொல்லுவாள்? ஒருத்தி தெற்கே கையைக் காட்டுகிறாள், ஒருத்தி குழந்தையைக் கூப்பிடுகிறாள். குமாஸ்தா தலையில் கை வைத்துவிட்டார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாரும், நான் சொல்லுதேன். அவளுக்க புருஷன் பேரச் சொன்னா எனக்கு என்ன தோஷம்?" என்று அவரோடு வீடு வீடாக நடந்தாள். தெருவில் உள்ள அத்தனை ஆம்பிளை பேரையும் உரக்கச் சொன்னாள். சிலருக்குக் கேலியாக வைத்த வட்டப்பேரையும் சேர்த்துச் சொன்னாள், அதை எழுத வேண்டாம் என்றாள். அவள் முறை வந்தபோது குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே தன் புருஷன் பேரைச் சொல்லிவிட்டாள்.

"அவுக போயி வருஷம் எத்தனையாச்சு. இனி கோவிச்சுக்கிட்டு எங்க போவாக?" என்றாள்.

அந்த நடையில் ஒரு பெண் பேரும் விடுபடாமல் பட்டியலில் ஏறியது. மற்றத் தெருக்களில் பாதிப் பேர் விட்டுப்போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கடைசியாக, அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வந்தபோது, "இந்தத் தடவ ஆபீசர்கிட்ட சொல்லாண்டாமாமே? அடையாளத்தப் பாத்துப் போட்டாப் போருமாமே? உள்ளதுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பம் வோட்டச் சொல்லி ஒருத்தரும் ஒண்ணும் எழக்காண்டாம்" என்றாள். நான் வேறு பேச்சு எடுத்தேன். மறுநாள் காலையில் பார்வதி காபியோடு வந்து நின்றாள்.

வோட்டு நாள், அவள் போன ஒன்பதாம் நாள். வீட்டில் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, இன்னொரு வீட்டுப் படி ஏறக்கூடாது. பெரியத்தானுக்கு இப்போது எண்பது வயசு. கண் மங்கிவிட்டது. ஆனாலும் அவருக்கு வேண்டிய ஒருவர் தேர்தலில் நின்றார். "தீட்டு சாமிக்குத்தான், சர்க்காருக்கு இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரும் நானும் பார்வதியும் ஒரே வண்டியில் போனோம். பாலத்தடி வந்தபோது அவர் தனக்குத்தானே சொல்லுகிற மாதிரிச் சொன்னார்:

"பாவம், போயிட்டா. ஆனா ஒண்ணு. இந்தத் தடவ நம்ம வீட்டு வோட்டு கலையாது."

பார்வதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமியார் இறந்து முழுசாக ஒன்பது நாள் கூட ஆகவில்லை. மூத்தாரிடம் நேருக்கு நேர் நான் அதுவரை பேசியதில்லை.

"அத்தான், அன்னைக்கு நானும் வக்கீலுக்குத்தான் போட்டேன்" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பி என்னைத் தேடினார். கண் சரியாகத் தெரியாததால் என் தோளைப் பார்த்துப் பேசினார்.

"யாரு? நீயா?"

"நான்தான். அக்கா சொல்லதுக்கு முந்தியே."

வண்டி பாலத்தடியைத் தாண்டியதும், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னவள என்ன செய்தீங்க?" என்றேன்.

அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு என்ன வாய் இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் பட்டியல் வைத்திருந்தவர் வரிசையாகப் பேர் படித்தார். எனக்கு முன்னால் அவள் பேர்தான். "ஆவுடையம்மாள்" என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, "வந்நில்லே?" என்று என்னைக் கேட்டார். "செத்துப் போயிட்டா" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பிறகு என் பேரைப் படித்தார். நான் நகராமல் நின்றேனாம். பார்வதிதான் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

எனக்கு நின்ற அக்கரைத் தோப்புத் துண்டைப் பார்வதியின் மகள் பேரில் எழுதிக்கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். என் மகனுக்குப் பிடிக்கவில்லை. இது பெரிய காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போது வோட்டுக்கு நிலம் தேவையில்லை. அது தேவைப்பட்ட காலமெல்லாம் நான்தான் வைத்திருந்தேன்.

இத்தனை வருஷத்தில், ஒவ்வொரு தேர்தலுக்கும் என்னை வழியனுப்பிய அக்கா, அந்த முதல் வோட்டை நான் யாருக்குப் போட்டேன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. எல்லோரிடமும் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கேட்கிறவள். என்னிடம் இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பெரியத்தானுக்குத்தான் என்று நான் பொய் சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்யை நான் அவளிடம் சொல்ல நேராமலே என்னை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டாள். அவளுடையது என்று என்னிடம் இருப்பது, அவள் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான்.